அறிவியல் கேள்வி – பதில்: ‘ஸ்பீசியேஷன்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் போதுமா?

‘ஸ்பீசியேஷன்’ என்ற சொல்லைப் பற்றி அண்மையில் வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் வெவ்வேறு துறையினர். ஆனால் ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவரின் குழப்பத்தையும் ஓரளவு தீர்க்கும் என்பதால், கேள்விகளை வரிசையாகப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

கேள்வி: பாடநூல்களை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கிறேன். உயிரியல் நூலில் இச்சொல்லைச் ‘சிற்றினமாதல்’ என்று எழுதினேன். சுற்றுச்சூழல் வேதியியல் நூலில் ‘ஆர்செனிக்கின் ஸ்பீசியேஷன்’ என்று வந்த இடத்தில் அதே சொல்லை இட்டால் பொருளே அமையவில்லை. இரண்டும் ஒரே சொல்தானா?

வேர் ஒன்றுதான், பொருள் வேறு. ‘ஸ்பீசிஸ்’ என்பது ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். தோற்றம், வடிவம், வகை என்று அதன் பொருள் விரிந்தது. (மசாலாப் பொருள்களைக் குறிக்கும் ‘ஸ்பைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான், வணிகர் கொண்டுவந்த சரக்கு வகைகளைக் குறிக்கத் தொடங்கிப் பின்னர் நறுமணச் சரக்குக்கு மட்டும் உரியதாகிவிட்டது.) உயிரியலார் ‘வகை’ என்ற பொருளைப் பற்றிக்கொண்டார்கள், வேதியியலார் ‘வடிவம்’ என்ற பொருளைப் பற்றிக்கொண்டார்கள். உங்களுடைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உயிரியலில் இது ஒரு நிகழ்வின் பெயர். ஒரு சிற்றினம் (ஸ்பீசிஸ்) காலப்போக்கில் பிரிந்து, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு சிற்றினங்களாவதை இது குறிக்கிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஓரேட்டர் குக் 1906-ஆம் ஆண்டில் இச்சொல்லை உருவாக்கியபோதே, ஒரு பரம்பரை காலப்போக்கில் மெல்ல மாறுவது வேறு, ஒரு பரம்பரை இரண்டாகக் கிளைப்பது வேறு என்று பிரித்துக் காட்டுவதுதான் அவருடைய நோக்கமாக இருந்தது. ஆகவே ‘சிற்றினமாதல்’ என்று நீங்கள் எழுதியது சரியே. ‘சிற்றினப் பிரிவு’ என்றும் எழுதலாம். கிளைத்தல் என்ற கருத்து அதில் இன்னும் தெளிவாக வரும்.

வேதியியலில் எதுவும் புதிதாகத் தோன்றுவதில்லை. ஒரு தனிமம் ஒரு நீரிலோ மண்ணிலோ உணவிலோ எந்தெந்த வேதி வடிவங்களில், எந்தெந்த அளவில் பரவி இருக்கிறது என்பதைத்தான் அங்கே இச்சொல் குறிக்கிறது. அந்த வடிவங்களைப் பிரித்து அளக்கும் ஆய்வக வேலையையும் சிலர் இதே சொல்லால் குறித்துவந்ததால் வேதியியலுக்குள்ளேயே குழப்பம் மிகுந்தது. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையில் இரண்டையும் பிரித்தது: பரவல் நிலைக்கு ‘ஸ்பீசியேஷன்’, அளக்கும் பணிக்கு ‘ஸ்பீசியேஷன் பகுப்பாய்வு’. தமிழில் முன்னதை ‘வேதி வடிவப் பரவல்’ என்றும், பின்னதை ‘வேதி வடிவப் பகுப்பாய்வு’ என்றும் எழுதுவதையே நான் விரும்புவேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைத் தேடி வருந்த வேண்டியதில்லை. அந்த இடத்தில் நடப்பது பிரிதலா, பரவலா, அடையாளம் காணுதலா என்று பார்த்து எழுதினால், மூலத்தைப் படிப்பவரைவிடத் தமிழில் படிப்பவருக்கே பொருள் விரைவாக விளங்கும்.

கேள்வி: ஒரே இனத்துக்குள் இருக்கும் உயிர்கள் ஏன் பிரிய வேண்டும்? கலந்துகொண்டே இருக்கலாமே? (கல்லூரி மாணவி)

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. கலந்துகொண்டே இருக்கும் வரை அவை பிரிவதில்லை. ஒரு கூட்டத்தில் தோன்றும் மரபணு மாற்றம் இனச்சேர்க்கையின் வழியாக எல்லாப் பக்கமும் பரவிவிடுவதால், வேறுபாடுகள் கரைந்துபோகின்றன. எனவே சிற்றினமாதலைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது, ‘கலப்பைத் தடுத்தது எது?’ என்பதே. 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மாயர் சிற்றினத்துக்குத் தந்த வரையறையும் இதையே அடிப்படையாகக் கொண்டது: இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொள்பவை, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தால் தனித்து நிற்பவை ஒரு சிற்றினம்.

தடைகளில் மிக எளிதில் விளங்குவது நிலம். ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலஇணைப்பு முழுமையாக எழுந்து, பசிபிக் கடலையும் கரீபியக் கடலையும் பிரித்தது. அங்கே வாழும் சொடுக்கு இறால்கள் ஒரு கையிடுக்கியைச் சடாரென்று மூடி ஒலி எழுப்புபவை. நிலத்தின் இருபுறத்திலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரேபோல் இருக்கும் இணை இணையான இறால் வகைகள் உள்ளன. ஆய்வாளர்கள் ஒருபுறத்து ஆணையும் மறுபுறத்துப் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இணை சேரவில்லை. எதிரியைக் கண்டாற்போல ஒன்றையொன்று நோக்கி இடுக்கியைச் சொடுக்கின. அவற்றை இப்போது பிரித்துவைத்திருப்பது நிலம் அன்று. பிரிந்திருந்த காலத்தில் ஒன்றை ஒன்று இணையாக ஏற்கும் இயல்பே போய்விட்டது. இந்த வகைப் பிரிவை ‘வேற்றிடச் சிற்றினமாதல்’ என்பார்கள்.

ஒரே இடத்தில் வாழ்ந்துகொண்டே பிரிய முடியுமா என்பது நெடுங்காலம் சூடாக விவாதிக்கப்பட்ட கேள்வி. முடியும் என்பதற்கு வட அமெரிக்காவின் ஒரு சிறிய பழ ஈ நல்ல சான்று. அது ஹாதார்ன் என்னும் முட்செடியின் பழத்தில் முட்டையிட்டு வாழ்ந்துவந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்து பயிரிட்ட ஆப்பிளுக்கு அதில் ஒரு பகுதி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தாவியது. இந்த ஈ எந்தப் பழத்தில் புழுவாக வளர்ந்ததோ அதே பழத்தின் மணத்தைத் தேடிச் சென்று, அந்தப் பழத்தின் மேலேயே இணை சேரும். ஆப்பிள் சில வாரங்கள் முன்னதாகப் பழுத்துவிடும். ஈயோ வளர்ந்த பின் ஏறத்தாழ ஒரு மாதமே வாழும். ஆக, ஆப்பிள் ஈயும் ஹாதார்ன் ஈயும் அருகருகே உள்ள மரங்களில் இருந்தும், நாள்காட்டியாலும் மூக்காலும் பிரிந்துகொண்டிருக்கின்றன. பிரிவு இன்னும் முழுமையடையவில்லை. தலைமுறைக்குச் சில விழுக்காடு கலப்பு நடக்கிறது. பாதி வழியில் அகப்பட்ட இந்த நிலையே அதனை மதிப்புள்ள சான்றாக்குகிறது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் சிக்லிட் மீன்கள் இன்னொரு வகை. அந்த ஏரி ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்தது என்று படிவுகள் காட்டுகின்றன; மீண்டும் நிறைந்த பின் அதில் நூற்றுக்கணக்கான சிக்லிட் சிற்றினங்கள் உருவாகியுள்ளன. அவற்றில் பலவற்றில் பெண் மீன், ஆணின் நிறத்தைப் பார்த்தே இணையைத் தேர்கிறது. செந்நிற ஆணை விரும்பும் கூட்டமும் நீலநிற ஆணை விரும்பும் கூட்டமும் கண்ணின் தேர்வாலேயே தனித்து நிற்கின்றன. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு ஏரியின் சில பகுதிகளைப் பற்றி வருத்தம் தரும் ஒன்றைச் சொன்னது. கழிவும் மண்ணும் கலந்து நீர் கலங்கிப்போன இடங்களில் பெண் மீனால் நிறத்தைப் பிரித்தறிய முடியவில்லை. அங்கே சிற்றினங்கள் குறைவாகவும் மங்கிய நிறத்தனவாகவும் இருந்தன. பிரிந்தவை மீண்டும் கலந்து ஒன்றாகிக்கொண்டிருந்தன. ஓர் உயிரையும் பிடிக்காமல், ஒரு மரத்தையும் வெட்டாமல், நீரைக் கலக்கிவிடுவதாலேயே சிற்றினங்களை அழிக்க முடியும் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்று நான் நினைக்கிறேன்.

மாயரின் வரையறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணை சேராமல் பெருகும் பாக்டீரியாக்களுக்கும், கல்லாகிக் கிடக்கும் தொல்லுயிர்களுக்கும் ‘தமக்குள் இனப்பெருக்கம்’ என்ற அளவுகோலைப் பயன்படுத்த வழியில்லை. அங்கே மரபணு வரிசையையும் உடலமைப்பையும் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: இதெல்லாம் லட்சக்கணக்கான ஆண்டுக் கதை. புதிய சிற்றினம் தோன்றியதை மனிதர் நேரில் கண்டதுண்டா?

உண்டு. தாவரங்களில் இது ஓரிரு தலைமுறைகளிலேயே நடந்துவிடும். அதன் வழிமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

டிராகோபோகன் என்பது மஞ்சளாகவோ ஊதாவாகவோ பூக்கும் ஒரு செடி. அதன் மூன்று ஐரோப்பியச் சிற்றினங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலப் பகுதிகளில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் உயிரணுவிலும் 12 குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கிய இழைகள்). இரண்டு சிற்றினங்கள் கலந்தால் பிறக்கும் செடிக்கு ஒரு பெற்றோரிடமிருந்து 6, மற்றதிடமிருந்து 6 என்று 12 வந்து சேரும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கு ஒத்த இணையோடு வரிசையில் நிற்க வேண்டும். இங்கே ஒத்த இணை இல்லை. அதனால் கலப்பினம் பெரும்பாலும் மலடாகிறது. குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63 என்ற கணக்கிலும் இதைப் போன்ற தடையே நிற்கிறது.

ஆனால் அரிதாகச் செடியில் ஒரு பிழை நேர்கிறது. குரோமோசோம்கள் இரட்டித்தும் உயிரணு பிரியாமல் நின்றுவிட்டால், 12 என்பது 24 ஆகிவிடும். இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன்னைப் போலவே ஒரு துணை உண்டு. செடி வளமாக விதைக்கிறது. அதே நேரத்தில், 12 குரோமோசோம் கொண்ட தன் பெற்றோரோடு கலந்தால் மீண்டும் மலட்டுச் சந்ததியே கிடைக்கும். பெற்றோரிடமிருந்து தனித்தும், தனக்குள் வளமாகவும் இருப்பதால் அது ஒரு புதிய சிற்றினம். அமெரிக்கத் தாவரவியலாளர் மேரியன் ஓன்பி 1950-இல் இப்படித் தோன்றிய இரண்டுக்குப் பெயர் சூட்டினார். அவற்றின் பெற்றோர் அந்நிலத்துக்கு வந்தே சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன.

விலங்குகளில் இதற்கு நிகரான ஒரு நிகழ்வைக் கலபாகஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் கண்டார்கள். 1973 முதல் அங்கே குருவிகளின் காலில் அடையாள வளையமிட்டு வந்த அவர்கள், 1981-இல் உருவில் பெரிய, பாட்டில் வேறுபட்ட ஓர் ஆண் குருவி வந்திருப்பதைக் கவனித்தார்கள். அது 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலா தீவிலிருந்து வந்தது என்பது பின்னர் மரபணுச் சோதனையில் தெரிந்தது. உள்ளூர்ப் பெண் குருவியோடு அது இணைந்தது. பிள்ளைகள் தந்தையின் பாட்டைக் கற்றன. அந்தப் பாட்டை உள்ளூர்ப் பெண் குருவிகள் ஏற்காததால் பின்வந்த தலைமுறைகள் தமக்குள்ளேயே இணை சேர்ந்தன. 2017-இல் வெளியான கட்டுரை இந்தக் கால்வழியைத் தனித்து இயங்கும் ஒரு கூட்டமாக விவரித்தது. அதற்குச் சிற்றினம் என்று முறையாகப் பெயர் சூட்டப்படவில்லை. மிகச் சில குருவிகளே கொண்ட கூட்டம் என்பதால் அது நிலைக்குமா என்பதும் காலம் சொல்ல வேண்டியது. ஆனால் பிரிவின் முதல் அடி மூன்று தலைமுறைக்குள் எடுத்துவைக்கப்பட்டதை மனிதர் பதிவுசெய்தார்கள் என்பது உறுதி.

கேள்வி: ஒரு நீர் ஆய்வறிக்கையில் ‘மொத்த ஆர்செனிக்’ என்று ஓர் எண் மட்டும் இருந்தது. ‘ஸ்பீசியேஷன் இல்லாமல் இதை வைத்து முழு முடிவுக்கு வர முடியாது’ என்றார் நண்பர். அளவு தெரிந்த பின் வேறென்ன தெரிய வேண்டும்?

உங்கள் நண்பர் சொன்னது முக்கியமான செய்தி. நஞ்சு என்பது தனிமத்தின் குணம் மட்டும் அன்று. அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதன் குணமும் ஆகும்.

ஆர்செனிக்கையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் அது பெரும்பாலும் ஆர்செனைட், ஆர்செனேட் என்னும் இரண்டு கனிம வடிவங்களில் இருக்கும், இரண்டும் நஞ்சு. கடல் மீனில் இருப்பதோ பெரும்பாலும் ஆர்செனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். அது உடலில் மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது, தீங்கு செய்வதாக அறியப்படவில்லை. கடலுணவு உண்ட ஒருவரின் சிறுநீரில் மொத்த ஆர்செனிக்கை மட்டும் அளந்தால், அவர் நஞ்சுக்கு ஆளானவர் போல் எண் உயர்ந்து நிற்கும். வடிவங்களைப் பிரித்து அளந்தால்தான் உண்மை தெரியும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அது மொத்த ஆர்செனிக்குக்கே உரியது. உங்கள் அறிக்கையின் எண் அதைத் தாண்டியிருந்தால் நீர் குடிக்க ஏற்றதன்று என்று சொல்ல அந்த எண்ணே போதும். ஆனால் அந்த நீரைத் தூய்மை செய்ய வேண்டும் என்றால் வடிவம் தெரிந்தே ஆக வேண்டும். ஆர்செனேட் மின்சுமை கொண்டது, இரும்பு ஆக்சைடு வடிப்பான்களில் நன்கு ஒட்டிக்கொள்ளும். ஆர்செனைட் சாதாரண நீரில் மின்சுமையற்றது, பல வடிப்பான்களில் நழுவிச் செல்லும். எனவே முதலில் குளோரின் போன்ற ஒன்றால் ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்றிவிட்டுப் பிறகு வடிகட்டுகிறார்கள்.

குரோமியத்தின் கதையும் இதேபோன்றது. மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் (அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில்) அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறாம் நிலையில், மூச்சோடு உள்ளே சென்றால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது.

பாதரசத்தில்தான் இந்த வேறுபாடு மிகக் கொடியதாக வெளிப்பட்டது. வெப்பமானியிலுள்ள திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதில் மிக மிகச் சொற்பமே உறிஞ்சும் (அதன் ஆவியை நுகர்வது ஆபத்தானது என்பது வேறு செய்தி). மெத்தில் பாதரசத்தையோ குடல் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும். அது மூளைக்குள்ளும், கருவிலுள்ள குழந்தைக்குள்ளும் செல்லும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு வேதித் தொழிற்சாலையின் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்ந்து, உண்டவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நோய் 1956-இல் அடையாளம் காணப்பட்டது. மற்றொரு வடிவமான டைமெத்தில் பாதரசத்தின் சில துளிகள் 1996 ஆகஸ்டில் அமெரிக்க வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மேல் விழுந்தன. அவர் நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். முறைப்படி ரப்பர் கையுறை அணிந்திருந்தவர். அந்தச் சேர்மம் கையுறையை நொடிகளில் ஊடுருவும் என்பது அப்போது பரவலாக அறியப்பட்டிருக்கவில்லை. மாதங்கள் கழித்தே அறிகுறிகள் தோன்றின. 1997 ஜூனில் அவர் மறைந்தார். ஆய்வகங்களின் கையுறை விதிகள் அதன் பின்னரே மாறின.

வேதி வடிவப் பகுப்பாய்வில் பொதுவாக முதலில் திரவ வண்ணப்பிரிகைக் கருவி வடிவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும். பின்னால் இணைத்த நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றிலும் அந்தத் தனிமம் எவ்வளவு என்று எண்ணும். ஆனால் முடிவின் தரம் கருவிக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. நீரைப் புட்டியில் பிடித்த கணத்திலிருந்து காற்றும் ஒளியும் கரைந்த இரும்பும் ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்றத் தொடங்கும். மாதிரியை அவ்விடத்திலேயே வடிகட்டி, உரிய பாதுகாப்புப் பொருள் சேர்த்து, இருட்டில் குளிர்ச்சியாக வைத்தீர்களா என்று கேட்காத ஆய்வகத்தின் வடிவப் பகுப்பாய்வை நம்பாதீர்கள். மொத்த அளவுக்கு அவ்வளவு கவனம் தேவையில்லை, வடிவத்துக்குத் தேவை.

கேள்வி: மருத்துவ ஆய்வக அறிக்கையில் ‘கேண்டிடா – ஸ்பீசியேஷன் செய்யப்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தது. நோய்க்கிருமி புதிய இனமாக மாறுகிறது என்று பொருளா?

இல்லை, அஞ்ச வேண்டாம். இங்கே இச்சொல்லுக்கு ‘எந்தச் சிற்றினம் என்று கண்டறிதல்’ என்பதே பொருள். கேண்டிடா என்பது பல பூஞ்சைச் சிற்றினங்களின் பொதுப் பெயர். அவற்றில் கேண்டிடா குருசீ என்பது ஃப்ளூகோனசோல் மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாதது. கேண்டிடா அல்பிகன்ஸ் பெரும்பாலும் கட்டுப்படும். எந்தச் சிற்றினம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் மருந்தை முடிவு செய்ய முடியும். தமிழில் இதைச் ‘சிற்றினம் அறிதல்’ என்றே எழுதலாம். கணினித் துறையிலும் இச்சொல் உண்டு: 2002-இல் கணினி அறிவியலாளர்கள் கென்னத் ஸ்டான்லி, ரிஸ்டோ மீக்குலைனன் வெளியிட்ட, செயற்கை நரம்பு வலைகளை (மூளையின் அமைப்பைப் பின்பற்றிய கணினி அமைப்புகளை) தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் ஒரு முறையில், ஒத்த அமைப்புள்ள வலைகளைத் தனிக் குழுக்களாகப் பிரித்துத் தமக்குள் மட்டும் போட்டியிட வைப்பதை இப்பெயரால் அழைக்கிறார்கள்; புதிய அமைப்பு முதிர்வதற்குள் அழிந்துவிடாமல் காப்பதே நோக்கம்.

கேள்வி: வெளியில் ஒரு சிறு மீன் குளம் வைத்திருக்கிறேன். காலையில் சோதித்தபோது அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். மீன்கள் இயல்பாக இருந்தன. மாலையிலும் அதே 2; ஆனால் மீன்கள் மேலே வந்து திணறின. சோதனைப் பெட்டி பழுதா?

பெட்டி சரியாகவே இருக்கலாம்; இதுவும் வேதி வடிவப் பரவல் பற்றிய கேள்விதான். அது காட்டுவது மொத்த அம்மோனியா. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும்: மின்சுமையுள்ள அம்மோனியம், மின்சுமையற்ற அம்மோனியா. மீனின் செவுள் வழியே எளிதில் புகுந்து கொல்வது பின்னது. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே நச்சு வடிவம். பிஎச் 8 என்றால் 5 விழுக்காடு. பிஎச் 9 என்றால் 36 விழுக்காடு. உங்கள் 2 மில்லிகிராமில் நச்சுப் பகுதி பிஎச் 7-இல் 0.01 மில்லிகிராம், பிஎச் 9-இல் 0.7 மில்லிகிராம்.

பகல் முழுவதும் வெயிலில் பாசிகள் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் பிஎச் ஏறிக்கொண்டே போகும். பிற்பகலில் உச்சத்தைத் தொடும். நீர் சூடாவதும் நச்சு வடிவத்தின் பங்கைக் கூட்டும். காலையில் இருந்த அதே அம்மோனியாதான் மாலையில் வேறு வடிவத்தில் இருந்திருக்கிறது. எனவே பிற்பகல் மூன்று, நான்கு மணி அளவில் அம்மோனியா, பிஎச், வெப்பநிலை மூன்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். பிஎச் உயர்ந்திருப்பது உறுதியானால் தீனியை உடனே நிறுத்திவிட்டு, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்; பாசி மிகுந்திருந்தால் குளத்துக்கு நிழல் கொடுங்கள். மாற்றும் நீரின் பிஎச் மதிப்பையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது குளத்து நீரைவிட உயர்ந்திருந்தால் அதே மாலைக்குள் நிலைமை இன்னும் மோசமாகிவிடும்.